மூக்கன் பேசாத மே மாதம்

2014 மே 11, ஞாயிறு

ஏழு வருஷத்துக்குப் பிறகு பிரெயில் சிலேட்டைக் கையில் எடுத்திருக்கிறேன். அலமாரியில் பழைய சேலைகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டு வரி குத்துவதற்குள் விரல் வலிக்கிறது. கம்ப்யூட்டர் பழகியதிலிருந்து கையால் ஒரு புள்ளி குத்தியதில்லை, சொகுசு கண்டுவிட்டேன்.

எடுக்க வேண்டி வந்ததற்குக் காரணம் பூபதி. பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். என் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். நேற்று வந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினார். எனக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளையும் மறக்காமல் போட்டார். "பார்மட் அடிச்சாச்சு டீச்சர், இனிமே குதிரை மாதிரி ஓடும்" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பினார். குதிரை ஓடுகிறதோ என்னவோ, கனைக்கக் காணோம். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. வேறு ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன், அதிலும் இல்லை.

கண் உள்ளவர்களுக்குச் சத்தம் போனால் பாட்டுத்தான் போகும். எனக்குக் கம்ப்யூட்டரே போய்விட்டது. அது பேசினால்தான் நான் படிக்க முடியும், எழுத முடியும். அந்தக் குரலுக்கு இந்த வீட்டில் மூக்கன் என்று பெயர். சளி பிடித்த ஆண்பிள்ளை பேசுவதுபோல மூக்கால் பேசுவான். எங்கள் ஊர் கோயில்பட்டியை 'கோயில்பற்றி' என்பான். இருந்தாலும் தினமும் மாலை ஐந்து மணியிலிருந்து தூங்கும் வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மூக்கன் வாசித்தான். தலைப்பு: '31-க்குள் பதில் சொல்லவும்.' மறுநாள் பார்மட் என்பதால் திறக்கவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

மே 12, திங்கள்

பூபதி போனை எடுக்கவில்லை. துணி துவைத்தேன். வெயிலுக்கு அரை மணியில் காய்ந்துவிட்டது.

மே 13, செவ்வாய்

பூபதி எடுத்தார். தங்கை கல்யாணத்துக்கு ராஜபாளையம் போயிருக்கிறாராம், திரும்ப இரண்டு வாரம் ஆகுமாம். சத்தம் வரவில்லை என்றதும், சவுண்டு டிரைவர் இல்லாமல் இருக்கும், கம்ப்யூட்டர் வாங்கும்போது ஒரு சிடி கொடுத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள் என்றார்.

டிரைவர் என்றால் என்ன என்று விளக்கமும் கொடுத்தார். பெட்டிக்குள் சத்தத்துக்கென்று ஒரு தகடு இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். அது இல்லாவிட்டால், தகடு முழுசாக உள்ளே இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நன்றாகத்தான் விளக்கினார். எனக்குத்தான் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. டிரைவர் என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு.

மே 14, புதன்

அலமாரியின் இரண்டாம் தட்டில் அறுபத்தோரு சிடிகள் இருந்தன. எல்லாமே விரலுக்கு ஒரே வட்டம்தான். உறைகளெல்லாம் பிரெயில் பத்திரிகையின் பழைய தாள்களை மடித்து ஒட்டியவை. முன்பு இந்த வீட்டில் இருந்தவர் செய்தது. கெட்டித் தாள், வீணாகப் போகக் கூடாது என்பார். கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒவ்வொரு உறையிலும் ஒரு பட்டையில் பெயரைக் குத்தி ஒட்டியது நான். கர்நாடக சங்கீதம், பத்தாம் வகுப்புப் பாடம், வானொலி நாடகம்.

டிரைவர் என்று எதிலும் இல்லை. பட்டை ஒட்டாத உறைகள் நான்கு இருந்தன. மூன்றில் பத்திரிகைச் செய்திதான், ஒன்றில் மாம்பழ ஊறுகாய் செய்முறைகூட இருந்தது. நான்காவதில், தாளின் ஓரத்தில், ஒரே பிதற்றல். ஒரு 'ச' மாதிரி, ஒரு 'ஏ' மாதிரி, மற்றதெல்லாம் எந்த மொழியிலும் சேராத புள்ளிகள். அச்சில் கெட்டுப்போன தாள் போலிருக்கிறது. திருப்பி வைத்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

தேர்தல் முடிவு. காலையிலிருந்து தெருவில் வெடி. யார் வீட்டு டிவியோ முழுச் சத்தத்தில் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் பேச்சு, என் வீட்டில் மட்டும் மின்விசிறிச் சத்தம். மாடி வீடு என்பதால் வெடிப்புகை நேராக உள்ளே வருகிறது, சன்னலைச் சாத்தினேன்.

மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த மெயில் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். எந்த விசையை அழுத்தினால் எது திறக்கும் என்று விரலுக்கு மனப்பாடம். திறந்திருக்கும், என் முகத்துக்கு நேரே எழுத்தெல்லாம் நின்றிருக்கும். ஒரு முழத் தூரத்தில்தான். பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, பக்கத்தை மூடினேன்.

அனுப்பியவருடைய போன் நம்பர் இருக்கிறது, கூப்பிட்டு என்ன எழுதினீர்கள் என்று கேட்டுவிடலாம். ஆனால் இனி எனக்குப் போன் செய்ய வேண்டாம் என்று சொன்னவள் நான். சொன்ன வாயே எப்படிக் கூப்பிடும்?

மே 18, ஞாயிறு

தங்கை செல்வி சாத்தூரிலிருந்து பேசினாள். ஞாயிறுதோறும் பேசுவாள். கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது என்றேன். ஐயோ, பார்மட் அடிக்கக் கொடுத்தே விட்டாயா என்று பதறினாள். ஏன் பதறுகிறாய் என்றால் பேச்சை மாற்றிவிட்டாள்.

கீழ் வீட்டு ராமலட்சுமி அக்கா, அவள்தான் வீட்டுக்காரி, மாவு கொண்டுவந்தாள். யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா, எனக்கு அவசரமாக ஒரு டிரைவர் வேண்டும் என்று கேட்டேன். அதுக்கென்ன டீச்சர், நாளைக்கே வரச் சொல்லுதேன் என்றாள். இவளுக்குக் கம்ப்யூட்டர் ஆட்களைத் தெரியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மே 19, திங்கள்

காலை பத்து மணிக்குப் படியில் புதுக் காலடி. எங்கள் மாடிக்குப் பதினான்கு படி. ஆறாவது படி விளிம்பு உடைந்தது, அக்கா சரிசெய்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே வருஷம் போகிறது. பதினான்கையும் மிதித்து, ஆறாவதில் தடுமாறி ஒரு வார்த்தை வைதுவிட்டு ஏறி வந்தார் ஒருவர். பெயர் மரியசெல்வம். குரலுக்கு ஐம்பது வயதிருக்கும். உடம்பில் டீசல் வாசனை.

"வண்டி எங்க நிக்கி டீச்சர்? கீழ ஒண்ணையும் காங்கலியே" என்றார்.

எந்த வண்டி என்று நான் கேட்க, நீங்கள்தானே டிரைவர் கேட்டீர்கள் என்று அவர் கேட்க, ராமலட்சுமி அக்கா அனுப்பியிருப்பது ஒரு ஆக்டிங் டிரைவரை என்று அப்புறம்தான் புரிந்தது. சொந்தக் கார் வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாதவர்கள் கல்யாணம் காட்சிக்குப் போக ஒருநாள் வாடகைக்கு அழைத்துக்கொள்ளும் டிரைவர். நான் சிரித்த சிரிப்பில் எனக்கே புரை ஏறியது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"லாரி ஓட்டியிருக்கேன், டெம்போ ஓட்டியிருக்கேன். இத எந்தப் பக்கம் உக்காந்து ஓட்டணும்?"

திடீரென்று எனக்கு ஒரு யோசனை. பூபதி சொல்லியிருந்தார், தகட்டின் நம்பர் தெரிந்தால் இணையத்தில் டிரைவரைத் தேடலாம் என்று. இங்கிலீஷ் வாசிப்பீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன். எழுத்து எழுத்தாகத் தெரியும், நம்பர் பிளேட் வாசிக்கிற அளவுக்கு என்றார். அது போதும். நான் விசைகளை அழுத்தி, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். மஞ்சளில் கேள்விக்குறி போட்ட இடம் ஒன்று இருக்கிறது என்றார். அதற்குள் போனோம்.

நிதானமாக, ரோட்டோரம் நின்று வாசிப்பதுபோல வாசித்தார். வி, இ, என், கீழே ஒரு கோடு, ஒண்ணு, எட்டு, பூஜ்யம், நாலு. நான் சிலேட்டில் குத்திக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டுக் கேட்டார்: "டி.என். அறுபத்தொம்பதுன்னா நம்ம தூத்துக்குடி. வி.இ.என்.னா எந்த ஜில்லா டீச்சர்?"

அலமாரி சிடிகளையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார், எதன் மேலும் அச்செழுத்து இல்லையாம். மோர் கொடுத்தேன். இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். இந்த வீட்டில் இரண்டாவது தம்ளரைக் கழுவி இரண்டு வருஷம் இருக்கும்.

மே 21, புதன்

பூபதி நம்பரைக் கேட்டுக்கொண்டு, பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஒரு நண்பர் மூலம் ஒரு சிடி தயார்செய்தார். மரியசெல்வம் போய் வாங்கி வந்தார். போட்டோம். 'நெக்ஸ்ட்' என்று வரும்போதெல்லாம் அவர் சொல்ல, நான் அழுத்தினேன். கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம், தகரத்தை ஆணியால் கீறியதுபோல. மரியசெல்வம் காதைப் பொத்திக்கொண்டார் போலிருக்கிறது, சேர் பின்னால் போனது. நானோ ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனேன். பதினோரு நாளில் அதுதான் முதல் சத்தம்.

அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. வேறு வண்டி டிரைவரை ஏற்றிவிட்டோம் என்றார் மரியசெல்வம்.

அந்தப் பிரவுசிங் சென்டருக்கே போய் அவர்கள் கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டிக் கேட்கலாமா என்று விசாரித்தேன். அங்கே மூக்கன் கிடையாது, தெரியாத மென்பொருளை ஏற்றவும் விடமாட்டார்களாம்.

மே 23, வெள்ளி

மரியசெல்வம் எட்டையபுரம் ரோட்டில் சவாரி முடித்துத் திரும்பும் வழியில் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே வந்தார். ஆறாவது படியில் இன்றும் தடுமாறினார்.

எதற்காக டீச்சர் இவ்வளவு அவசரம், பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் கிடக்கிறதே என்றார். விடுமுறையில் தேர்வுத் தாள் தயார்செய்ய வேண்டும் என்றேன். அதற்கா இவ்வளவு அலைச்சல் என்றார். பொய் நிற்கவில்லை. ஒரு மெயில் வந்திருக்கிறது, முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் போட வேண்டும் என்றேன்.

"தமிழ்தானே? தமிழ் நல்லா வாசிப்பேன். திறங்க, வாசிச்சுச் சொல்லுதேன்."

எவ்வளவு சுலபம். இரண்டு நிமிஷ வேலை. விரல் விசைகளின் மேல்தான் இருந்தது.

வேண்டாம் அண்ணாச்சி என்றேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் பிரெயில் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆகவே இதை யாரும் படிக்கப் போவதில்லை.

விடுதியில் படித்த காலத்தில் எங்களுக்கு வரும் கடிதங்களை வார்டன் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துத்தான் வாசிப்பார். நல்ல மனுஷி, அவருக்கு நேரம் அதுதான் கிடைக்கும். எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'உனக்கு வரன் அமைவது கஷ்டம் என்பதால் செல்விக்கு முதலில் முடிக்கப் போகிறோம், நீ மனது வருத்தப்படாதே.' முப்பது பெண்கள் தட்டில் கை வைத்தபடி கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சாம்பார் வாளியை இழுக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. வருத்தப்படக்கூட எனக்குத் தனியாக ஓர் இடம் இல்லை. இனி எனக்கு வரும் எழுத்து எனக்கு முன்னால் இன்னொருவர் வாயில் நுழையக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். அது நடக்கப் பத்து வருஷம் ஆயிற்று. மூக்கன் வந்து நடத்தினான்.

அவனைக் கொண்டுவந்தவர்தான் இப்போது மெயில் எழுதியிருப்பவர். ஆறு பழைய கம்ப்யூட்டர்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, நமது கல்யாணப் பரிசு என்று மேசையில் வைத்தார். பெயர் பால்வண்ணன். என் கணவர். எழுதிவிட்டேன்.

மே 24, சனி

நேற்று எழுதியதைத் தடவிப் பார்த்தேன். கிழிக்கலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன். பாதியை எழுதிவிட்டு மீதியை மறைப்பானேன்?

அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் யார் எதைக் கேட்டாலும் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார், அதுதான் குறை. ஜவுளிக்கடையில் எனக்குப் பிடித்த கலர் சொல்வார். பிறவியிலேயே பார்வை இல்லாத எனக்குக் கலர் பிடிக்கும் என்று எப்படித் தெரிந்ததோ. ரோட்டைக் கடக்க வேண்டுமா என்று கேட்காமலே கையைப் பிடித்துக் கடத்திவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த அதிகாரி, அவரைப் பார்த்து, டீச்சருக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். இவர் பன்னிரண்டு வருஷம் சார் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நான் வண்டி இல்ல. எனக்கு டிரைவர் வேண்டாம்."

இன்னும் நிறையச் சொன்னேன், ஆனால் இதுதான் போய்த் தைத்தது. ஒரு வாரம் பேசாமல் வீட்டில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். அலமாரிப் பக்கம் டக், டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன செய்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அப்புறம் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். தடுப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இவ்வளவு நாள் கழித்து, தேதி போட்டு மெயில். விவாகரத்துப் பத்திரமாகத்தான் இருக்கும். கையெழுத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருக்குமே. வெள்ளிக்கிழமையே நான் அதைத் திறக்காததற்குக் காரணம் பார்மட் இல்லை.

மே 26, திங்கள்

தயிர் புளித்துவிட்டது. மூக்கா என்று ஒருதரம் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பைத்தியம் என்றுதான் சொல்வார்கள், சொல்ல ஆள் இருந்தால்.

மே 27, செவ்வாய்

பூபதி போன் செய்தார். மூன்று நாள் தேடினாராம். அந்த நம்பருக்கான டிரைவர் இணையத்தில் எங்குமே இல்லையாம், மிகப் பழைய தகடாம். அந்தப் பழைய சிடி ஒன்றுதான் வழி, இல்லாவிட்டால் புதுக் கம்ப்யூட்டர்தான், அது மதுரையிலிருந்து வர ஜூன் முதல் வாரம் ஆகும் என்றார். சரி என்றேன்.

இன்னும் நாலு நாள். பதில் போடாவிட்டால் அதுவே பதிலாகிவிடும். அவர் என்ன கேட்டார் என்றே தெரியாமல் நான் பதில் சொன்னவளாகிவிடுவேன்.

மே 29, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாகக் குத்த வேண்டும். விரல் வீங்கியிருக்கிறது, பரவாயில்லை.

மாலை நாலு மணிக்கு மரியசெல்வம் வந்தார். ஒரு குடும்பத்தை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போகிறாராம், திரும்ப ஒரு வாரம் ஆகும், சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். நான் அப்போது சிலேட்டோடு உட்கார்ந்திருந்தேன். இதில் என் பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். நானே குத்தித் தருகிறேன் என்றதற்கு, நீங்கள் சொல்லுங்கள், நான் குத்துகிறேன் என்று ஊசியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளி, 'ம' என்றால் ஒன்று, மூன்று, நான்கு என்று சொல்லிக்கொடுத்தேன். ஆர்வமாக டக், டக் என்று குத்தினார். தாளைக் கழற்றித் திருப்பி என் கையில் கொடுத்தார். தடவினேன். மரியும் இல்லை, செல்வமும் இல்லை. ஒரே பிதற்றல். நடுவில் ஒரு 'ச' மட்டும் ஒழுங்காக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி, கண் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இது என்றேன். தாளின் பின்பக்கம் குத்தி, முன்பக்கம் எழும்பும் புள்ளியைத்தான் நாங்கள் படிப்போம். ஆகவே வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் புரட்டிப் போட்டுக் குத்த வேண்டும். நீங்கள் சாதாரணமாக எழுதுவதுபோல இடமிருந்து வலமாகக் குத்திவிட்டீர்கள். திருப்பியதும் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல மாறிவிட்டது. 'இ' குத்தினால் 'ஏ' ஆகிவிடும். 'ச' ஒன்றுதான் எப்படித் திருப்பினாலும் 'ச'.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலமாரியில் திருப்பி வைத்த உறை ஞாபகம் வந்தது. ஒரு 'ச' மாதிரி, ஒரு 'ஏ' மாதிரி.

எழுந்துபோய் இரண்டாம் தட்டில் அந்த உறையை எடுத்தேன். பத்திரிகைத் தாளில் காலியாக இருந்த ஓரத்தில்தான் அந்தப் புள்ளிகள். இந்தத் தடவை வலது கோடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எழுத்தையும் மனதில் புரட்டிப் புரட்டிப் படித்தேன். கோணல்மாணல். சில இடத்தில் ஊசி தாளையே ஓட்டை போட்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் பழைய பிரெயில் எழுத்து அட்டையைப் பார்த்து, தானாகக் கற்றுக்கொண்ட கை.

'சவுண்டு சிடி. தூரப் போடாதே.'

மூன்று தடவை படித்தேன். மரியசெல்வம் என்ன ஆயிற்று என்று கேட்டார். டிரைவர் கிடைத்துவிட்டார் அண்ணாச்சி என்றேன்.

சிடியைப் போட்டோம். அவர் 'நெக்ஸ்ட்' சொல்ல நான் அழுத்தினேன். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. பத்தொன்பது நாள் கழித்து மூக்கன் வாயைத் திறந்து சொன்ன முதல் சொல், 'குப்பைத் தொட்டி.' திரையில் முதல் படம் அதுதானாம். நான் அழுதேன். வாய்விட்டுத்தான் அழுதேன்.

மரியசெல்வம் சேரை நகர்த்தி எழுந்தார். "நான் வாரேன் டீச்சர். நீங்க தனியா இருந்து வாசிங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டார். நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

மெயிலைத் திறந்தேன். மூக்கன் வாசித்ததை அப்படியே எழுதுகிறேன்.

'செண்பகம், நீ கம்ப்யூட்டரை பார்மட் செய்யக் கொடுக்கப் போவதாகச் செல்வி சொன்னாள். கொடுக்காதே. அந்தச் சவுண்டு தகடு பழையது, அதற்கு டிரைவர் வெளியில் எங்கும் கிடைக்காது. உனக்கு டிரைவர் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூக்கனுக்கு வேண்டும். அவசரமென்றால் சிடி இரண்டாம் தட்டில் இருக்கிறது. உறையின் மேல் உன் எழுத்திலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். நீ அன்றைக்கே படித்திருப்பாய். படித்துவிட்டு நீ ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நானும் கேட்கவில்லை. 31 சனிக்கிழமை எனக்கு லீவு. வரச் சொன்னால் வந்து நானே எல்லாம் சரிசெய்து தருகிறேன். பதில் இல்லாவிட்டால் வரமாட்டேன். இனி உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன். பால்வண்ணன்.'

வெள்ளிக்கிழமை பயப்படாமல் திறந்திருந்தால் இந்த மூன்று வாரம் இல்லை. அதுகூடப் பெரிதில்லை. தூரப் போடாதே என்று எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர், நான் படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானோ அதைக் கெட்டுப்போன தாள் என்று நினைத்திருந்தேன்.

பதில் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. பெரிதாக எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

'உறையை இன்றைக்குத்தான் படித்தேன். நீங்கள் இடமிருந்து வலமாகக் குத்தியிருக்கிறீர்கள், எல்லா எழுத்தும் திரும்பிக்கொண்டுவிட்டது. சனிக்கிழமை வாருங்கள். எப்படிக் குத்துவது என்று சொல்லித் தருகிறேன்.'

மே 30, வெள்ளி

பதில் வரவில்லை. மூக்கனை அணைக்கவில்லை.

மே 31, சனி

காலையில் வீடு பெருக்கினேன். தம்ளர் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தேன். இப்போது பதினொன்றரை மணி. திருப்பூர் பஸ் வந்திருந்தால் வந்திருக்கும். மெயில் பார்த்தாரா என்றே தெரியாது, கம்பெனியில்தான் அவருக்கு இன்டர்நெட். கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல் குத்திக்கொண்டிருக்கிறேன்.

படியில் யாரோ ஏறுகிறார்கள். மாவு கொண்டுவரும் அக்காவாக இருக்கும். அக்கா பதினான்கும் மிதிப்பாள், மரியசெல்வமும் அப்படித்தான், எண்ணிக்கை தப்பக் கூடாது என்று நானும் அப்படித்தான். ஆறாவது படியைத் தாண்டி ஏறுகிற ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

பதின்மூன்று.

கதவுக்கு வெளியே மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது. தட்டவில்லை. நான் கூப்பிடட்டும் என்று நிற்கிறார். ஊசியை வைத்துவிட்டுப் போய்த் திறக்கிறேன்.